வாகனக் காற்றூதியின் மின்சுற்று: வரலாறும் பழுதும்

வாகனத்தின் உள்ளறைக்குள் வெப்பக் காற்றைத் தள்ளும் சிறு மின்விசிறி காற்றூதி எனப்படும். பணிமனைகளில் இதற்கு ப்ளோயர் என்றே பெயர். ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், சில மின்தடைகள் ஆகியவையே பழைய வாகனங்களில் இதன் மின்சுற்று. பார்வைக்கு எளிமையான இச்சுற்று, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பழுதாவதற்குக் காரணம் அதன் வரலாற்றில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வாகன வெப்பமூட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். உதகை, கொடைக்கானல் நீங்கலாக, அதற்கு விடை சொல்லும் பகுதி ஓசூர் வட்டாரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஓசூர் அமைந்துள்ளது. அங்கிருந்து இராயக்கோட்டை செல்லும் இரயில் பாதையில் உள்ள கெலமங்கலமும், அதை அடுத்த தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய ஊர்களும் மார்கழி, தை விடியற்காலைகளில் பனி மூடிக் கிடக்கும். தக்காளியும் பூவும் ஏற்றிய வண்டிகள் சந்தைக்குப் புறப்படும் நேரமும் அதுவே. ஓட்டுநரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து பாதையை மறைக்கும். காற்றூதி ஓடினால் சிறிது நேரத்தில் தெளியும். ஓடாவிட்டால், ஒரு கையில் துணியும் மறு கையில் ஸ்டீயரிங்குமாக ஓட்ட வேண்டியதுதான்.

தொடக்கம்

முதல் கார்களில் வெப்பமூட்டி கிடையாது. பின்னர் புகைபோக்கிக் குழாயின் சூட்டைப் பயன்படுத்தினர். அதில் நச்சுப்புகை உள்ளே கசியும் ஆபத்து இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைச் சிறு ரேடியேட்டர் வழியே எடுத்து, விசிறியால் உள்ளே செலுத்தும் முறை 1930களில் பரவியது. வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே தரும் அமைப்பை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தில் 1950களிலும் பல கார்களுக்கு வெப்பமூட்டி தனியே பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் பொருளாகவே இருந்தது.

இந்தியாவின் அம்பாசடர் அந்தக் காலத்துப் பிள்ளை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. அக்காலப் பிரித்தானியக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். 12 வோல்ட்டில் கணக்கிட்டால் 264 வாட். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது. முகப்பு விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டியிருந்ததால் காற்றூதி சில ஆம்பியர்களோடு நின்றது. அத்தனை சிறிய மின்னோட்டத்தை நேராகச் சுவிட்ச் வழியே செலுத்துவதில் தவறேதும் இல்லை.

1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் போன்ற நிறுவனங்களால் வாகன மின்கருவிகள் உள்நாட்டிலேயே கிடைத்தன. பின்னர் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்ததும் மின்சாரப் பஞ்சம் தீர்ந்தது. 1983இல் மாருதி 800 வந்தது. 1985இல் தொடங்கிய சுப்ரோஸ் நிறுவனம் மாருதிக்குக் குளிர்சாதனம் செய்து தந்தது. இங்குதான் திருப்பம். வெப்பமூட்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் விசிறி ஒன்றே. பனிக்காலத்தில் மட்டும் ஓடிய மோட்டார் ஆண்டு முழுவதும், அதுவும் கூடுதல் வேகத்தில், ஓட வேண்டியதாயிற்று. மின்னோட்டம் 10 ஆம்பியரைத் தாண்டியது. ஆனால் சுவிட்சும் மின்தடையும் கொண்ட பழைய அமைப்பு பல வண்டிகளில் அப்படியே தொடர்ந்தது.

மின்தடையும் இணைப்பானும்

வேகத்தைக் குறைக்க மோட்டாருடன் மின்தடையைத் தொடராக இணைப்பதே பழைய வழி. 1 ஓம் மின்தடையில் 6 ஆம்பியர் பாய்ந்தால் 36 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவு. அதனால் மின்தடையைக் காற்றுப் பாதைக்குள்ளேயே வைத்தனர். விசிறி தள்ளும் காற்றே அதைக் குளிர்விக்கும். காற்று குறைந்தால், மின்தடையுடன் சேர்ந்துள்ள வெப்ப உருகி அறுந்துவிடும். அதிவேக நிலையில் மின்சாரம் மின்தடையைத் தொடாமல் செல்வதால் அந்த வேகம் மட்டும் வேலை செய்யும். "நாலில் மட்டும் ஓடுது" என்று வண்டிக்காரர் சொன்னால் மெக்கானிக் முதலில் மின்தடையைப் பார்ப்பது இதனால்தான்.

மின்தடையை மாற்றுவது பாதி வேலையே. இலைச்சருகு அடைத்த காற்றுப் பாதையோ, எண்ணெய் வற்றி இறுகிய புஷ்ஷோ சரிசெய்யப்படாவிட்டால் புதியதும் விரைவில் போகும். மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளந்து பார்க்காமல் பொருத்துவது காசை வீணாக்கும் செயல். அறுந்த வெப்ப உருகியைக் கம்பியால் இணைத்துவிடுவதும், பெரிய ஃபியூஸ் போடுவதும் இன்னும் மோசம். ஃபியூஸ் காக்க வேண்டிய ஒயரே பிறகு எரியும்.

அடுத்த பலவீனம் இணைப்பான். துருவேறிய ஒரு முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலும், 12 ஆம்பியர் பாயும்போது 1.2 வோல்ட் இழப்பாகி, 14 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அச்சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உண்டாகும். ஃபியூஸ் இதை உணராது, ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை. நிறம் மாறிய முனையை வெட்டிப் புதிய இணைப்பான் போட்டு, அதிவேக நிலைக்குத் தனி ரிலே அமைத்தால் சுவிட்சின் சுமை குறையும்.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மோரிஸ் வழிவந்த கார்களில் மின்கலத்தின் நேர்முனை பாடியுடன் இணைக்கப்பட்டிருந்தது. சுருள்புலம் கொண்ட பழைய மோட்டார் முனை மாறினாலும் ஒரே திசையில் சுழலும். அதற்குப் பதிலாக நிலைக்காந்த மோட்டாரைப் பொருத்தி முனைகளை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுழலும். உருளை வடிவ விசிறி அப்போதும் காற்றை வெளியே தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. மோட்டார் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் முன் ஒயரை மாற்றிப் பார்ப்பது நல்லது.

ஓசூர் வட்டாரம்

1980இல் அசோக் லேலண்டின் ஆலை ஓசூரில் இயங்கத் தொடங்கியது. டிவிஎஸ் 50 மொபெட்டும் அதே ஆண்டில் அங்கிருந்து வந்தது. வாகனம் செய்யும் ஊராக ஓசூர் வளர்ந்தாலும், அங்கு உருவான லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் பல காலம் எட்டவில்லை. 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என ஒன்றிய அரசு 2023இல் விதி வகுத்தது. புதிய வாகனங்களில் மின்தடைக்குப் பதிலாக, மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று பரவிவருகிறது. அதில் வெப்ப விரயம் குறைவு. பழுதானால் பெரும்பாலும் முழுச் சுற்றையும் மாற்ற வேண்டும். சால்டரிங் அயர்னும் டெஸ்டர் விளக்கும் கொண்டு சரிசெய்யக்கூடிய காற்றூதிகள் இப்போது பழைய வண்டிகளில்தான் எஞ்சியிருக்கின்றன.