பெய்ஜிங்: பழைய ஒளிப்படங்களும் எஞ்சிய கட்டடங்களும்

சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் பழைய ஒளிப்படங்கள் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவை 1860 முதல் 1946 வரை எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் அயல்நாட்டார்: படையெடுப்போடு வந்தவர்கள், சுங்கத் துறையில் வேலை பார்த்தவர்கள், கலை வரலாற்று அறிஞர்கள், ஒளிப்பட நிலையங்களில் பணியாற்றியவர்கள். ஊருக்குள் நுழையும்போது அவர்கள் கண்ணில் முதலில் பட்டவை மதிலும் வாயிலும்தாம்; படங்களிலும் அவையே மிகுதி. அடுத்த இடம் அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும். ஹூடோங் எனப்படும் சந்துகளும் அவற்றிலுள்ள முற்ற வீடுகளும் தொடக்ககாலத் தொகுதிகளில் அருகியே காணப்படுகின்றன.

நகர அமைப்பு

படங்களைப் புரிந்துகொள்ள நகரின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். மிங் வம்சப் பேரரசர் யோங்லெ 1406இல் தொடங்கிய அரண்மனைப் பணி 1420இல் நிறைவுற்றது. அரண்மனை நகர், அதைச் சுற்றி அரச நகர், அதைச் சுற்றி உள்நகர் என ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ஊர் இது. தெற்கே வெளிநகர் மதில் 1553இல் சேர்க்கப்பட்டது. உள்நகருக்கு ஒன்பது வாயில்கள், வெளிநகருக்கு ஏழு. உள்நகர் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர்.

உள்நகர் வாயில் ஒவ்வொன்றும் தனிக் கோட்டை. மதிலின் மேல் இரண்டடுக்கு வாயில் மாடம். அதற்கு முன்னே வளைந்தோ சதுரமாகவோ ஓர் அரண் சுவர். அச்சுவரின் வெளிமுகத்தில் அம்பு மாடம். அம்பு மாடத்தின் செங்கல் முகத்தில் அம்பு எய்வதற்கான சதுரப் புழைகள் வரிசை வரிசையாக இருக்கும். வடமதிலின் தேஷெங்மென் அம்பு மாடத்தில் 82 புழைகள். தென்கிழக்கு மூலை மாடத்தில் 144. பழைய படத்தில் இருப்பது வாயில் மாடமா அம்பு மாடமா என்பதில் விற்பனைக்கான அஞ்சலட்டைகள் அடிக்கடி தடுமாறியிருக்கின்றன. புழைகளைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மென்தோகௌ சுரங்கங்களின் நிலக்கரியை ஏற்றிவந்த ஒட்டகங்கள் மேற்கிலுள்ள ஃபூசெங்மென் வழியாக நுழைந்தன. கிழக்கே சாவோயாங்மென் வழியாகத் தானியம் வந்தது. வடமேற்கே சீஜிமென் வழியாக அரண்மனைக்குரிய ஊற்றுநீர் வண்டிகள் வந்தன. ஒட்டக வரிசையும் மதிலும் சேர்ந்த படம் இந்நகரத் தொகுதிகளில் அலுக்கும் அளவுக்கு உண்டு.

1860: படையோடு வந்த கருவி

நகரின் மிகப் பழைய பெருந்தொகுதி ஃபெலிச்சே பியாட்டோ எடுத்தது. 1858இல் லக்னோவையும் தில்லியையும், கிளர்ச்சி நசுக்கப்பட்ட சுவடு மாறுமுன் படம்பிடித்தவர் இவர். அங்கிருந்தே ஆங்கில–பிரெஞ்சுப் படையுடன் சீனாவுக்கு வந்தார். அப்படையில் இந்தியத் துருப்புகளும் இருந்தன; சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவு ஈட்டிய போர்ச் சிறப்புகளில் ‘பீகிங் 1860’ என்பதும் ஒன்று.

அக்டோபர் 13 அன்று வடமதிலின் ஆன்திங்மென் வாயில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பியாட்டோ அவ்வாயிலையும் மதிலையும் பல கோணங்களில் எடுத்தார். மதில் மேல் நின்று, அடுத்தடுத்த தகடுகளை ஒட்டினால் ஒரே அகலக் காட்சியாகும்படியும் எடுத்திருக்கிறார். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, ஆங்கிலத் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அருகிலிருந்த கோடை அரண்மனையும் எரிந்தது; அதன் வென்சாங் மாடம் எரிவதற்கு முன் இருந்த தோற்றத்துக்கு பியாட்டோவின் படமே சாட்சி. இந்த எல்ஜின்தான் 1862இல் இந்தியாவின் வைசிராயாக வந்து, மறு ஆண்டு தர்மசாலாவில் இறந்தவர்.

போரை முடித்த உடன்படிக்கை கையெழுத்தான அக்டோபர் 24 அன்று பியாட்டோ தம் கருவியை அது நடந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனார். பெரிய குழல்வாயைத் தன்னை நோக்கித் திருப்பியதைக் கண்ட, சீனத் தரப்பில் கையெழுத்திட்ட இளவரசர் கோங், அது ஏதோ ஆயுதம் என்று அஞ்சி வெளிறிப்போனதாக ஆங்கிலத் தளபதி எழுதிவைத்திருக்கிறார். போதிய வெளிச்சமில்லாததால் அன்று படம் விழவில்லை. நவம்பர் 2 அன்று அதே இளவரசர் அமைதியாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்று புகழ்பெற்றது. தளபதியின் குறிப்பில் வெற்றியாளரின் எகத்தாளம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுங்கத் துறையினர்

அடுத்த முப்பதாண்டுப் படங்கள் பெரும்பாலும் அரசுச் சுங்கத் துறையின் வெளிநாட்டு ஊழியர்கள் தந்தவை. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஓல்மர் 1873இல் யுவான்மிங்யுவானின் ஐரோப்பிய பாணி மாளிகைகளை எடுத்தார். இவை 18ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லோங்குக்காக கஸ்தில்யோனே என்ற இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் வடிவமைத்தவை. ஓல்மர் படங்களில் கூரை எரிந்துபோயிருந்தாலும் சுவர்களும் சிற்ப வேலைப்பாடும் பெரும்பாலும் நிற்கின்றன. ஆக, நெருப்புக்குத் தப்பியதைப் பிற்காலத்தில் கல் பெயர்த்துப் போனவர்களே அழித்தார்கள் என்பது தெளிவு. இன்று மிஞ்சியிருப்பவை பெருநீரூற்றின் கல் வளைவும் சில தூண்களும்.

தாமஸ் சைல்டு என்ற சுங்கத் துறை எரிவாயுப் பொறியாளர் 1870 முதல் 1889 வரை இந்நகரில் வாழ்ந்து சுமார் 200 படங்களை எடுத்தார். தகட்டிலேயே எண்ணும் கையொப்பமும், பலவற்றில் ஆண்டும் பொறிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது; பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஸ்காட்லாந்தின் ஜான் தாம்சன் 1871இல் வந்துபோனவர். 1873–74இல் நான்கு தொகுதிகளாக நூல் வெளியிட்டுப் பெயர் பெற்றார். தாம்சனின் படம் அழகானது. சைல்டின் படம் பயனுள்ளது.

விண்ணகக் கோயிலின் வட்ட மண்டபம் இதற்கு எடுத்துக்காட்டு. நல்விளைச்சல் வேண்டி வழிபடும் இந்த மூவடுக்குக் கூரை மண்டபம் 1889இல் இடி விழுந்து எரிந்தது. 1896இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. பயணிகள் இன்று மிங் காலத்துக் கட்டடமாக எண்ணிப் பார்ப்பது அந்த மறுகட்டடமே. முந்தையதை சைல்டின் காலத்துப் படங்களில்தான் காண முடியும்.

1900க்குப் பின்

பாக்ஸர் எழுச்சியையும் எட்டு நாட்டுப் படைகளின் நுழைவையும் தொடர்ந்து ஒளிப்படக்காரர்கள் திரண்டு வந்தனர். ஜப்பானின் ஒகாவா கசுமாசா 1901இல் கட்டடக்கலை அறிஞர் இதோ சூதாவுடன் வந்து அரண்மனை நகரை முறைப்படி படமெடுத்தார்; தொகுதி 1906இல் தோக்கியோவில் வெளியானது. அரசர் வாழும் இடத்துக்குள் வேற்றார் கருவியோடு போக முடிந்ததே அது அயற்படையின் பிடியில் இருந்ததால்தான். உள்நாட்டவர் வரிசையில் சுன்லிங் முக்கியமானவர். 1903–04இல் பேரரசி சிசியை அரண்மனைக்குள் எடுத்த அவருடைய கண்ணாடித் தகடுகள் இப்போது வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளன.

அமெரிக்கச் சமூகவியலாளர் சிட்னி கேம்பிள் 1908க்கும் 1932க்கும் இடையே சீனாவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். கடைக்காரர், கூலியாள், பிச்சைக்காரர், 1919 மாணவர் ஊர்வலம் எல்லாம் அதில் உண்டு. ஜெர்மானியரான ஹெட்டா மாரிசன் 1933இல் தூதரகப் பகுதியிலிருந்த ஓர் ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து 1946 வரை நகரில் இருந்தார். கைவினைஞர்களையும் தெருக்களையும் எடுத்த அவருடைய படங்கள் ஹார்வர்டு–யென்சிங் நூலகத்தில் உள்ளன.

சிரேனின் நூல்

எல்லாவற்றிலும் மேலானது சுவீடனின் ஓஸ்வால்ட் சிரேன் 1924இல் இலண்டனில் வெளியிட்ட ‘பீகிங்கின் மதில்களும் வாயில்களும்’. 109 ஒளிப்படத் தகடுகளும், சீன ஓவியர்கள் வரைந்த 50 கட்டட வரைபடங்களும் கொண்டது. சிரேன் மதிலை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. துண்டு துண்டாக நடந்து, செங்கற்களிலும் பதித்த கற்பலகைகளிலும் இருந்த எழுத்துகளைப் படித்து, எந்தப் பகுதியை எந்த அரசர் காலத்தில் பழுதுபார்த்தார்கள் என்று குறித்துக்கொண்டார். செங்கல்லின் தேய்மானமும் மதில் வெடிப்பில் முளைத்த மரமும் அவர் படங்களில் தெரியும். இன்று மதிலைப் பற்றி எழுதுபவர் யாரும் இந்நூலைத் தொடாமல் எழுத முடியாது. சீன மொழிபெயர்ப்பு 1985இல்தான் வந்தது. அதற்குள் மதில் போயிருந்தது.

காலம் கணித்தல்

ஆண்டு குறிக்கப்படாத படங்களின் காலத்தைக் கட்டடங்களைக் கொண்டே கணிக்கலாம். இதற்கு ஏற்ற கட்டடம் சியென்மென் என மக்கள் வழங்கும் ஜெங்யாங்மென், அதாவது உள்நகரின் தெற்கு நடுவாயில்.

1900இல் அம்பு மாடமும் வாயில் மாடமும் எரிந்தன. கூரையில்லாத வெறும் மேடை தெரிந்தால் படம் அதை ஒட்டிய சில ஆண்டுகளுக்கு உரியது. அதன்பின் இரண்டும் மீண்டும் கட்டப்பட்டன. 1915இல் உள்துறை அமைச்சர் ஜூ சிச்சியானின் முயற்சியில், ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் குர்ட் ரோட்கேகல் திட்டப்படி, இடையிலிருந்த அரண் சுவர் அகற்றப்பட்டது. அம்பு மாடத்தின் புழைகளுக்கு மேல் வெள்ளை நிறத்தில் புருவம் போன்ற வளைவுகள் வைக்கப்பட்டன; சுற்றிக் கைப்பிடிச் சுவரும் வந்தது. வெள்ளைப் புருவம் இருந்தால் 1915க்குப் பிந்தியது, இல்லையென்றால் முந்தியது. பெய்ஜிங் படங்களைப் பார்ப்பவர் முதலில் கற்க வேண்டிய விதி இதுவே. அரண் சுவரை அகற்றியது போக்குவரத்துக்கு வழிவிட்ட ஏற்பாடு என்ற வகையில் நல்லதுதான்; ஆனால் அந்தப் புருவங்கள் மாடத்துக்குப் பொருந்தவில்லை.

அதே 1915இல் மதிலை ஒட்டிச் சுற்று ரயில்பாதை போடப்பட்டதால் வடக்கு, கிழக்கு வாயில்களின் அரண் சுவர்கள் உடைபட்டன. டிராம் தண்டவாளம் தெரிந்தால் 1924 இறுதிக்குப் பிந்திய படம்.

கெட்டலர் தோரண வளைவும் உதவும். 1900 ஜூன் 20 அன்று கொல்லப்பட்ட ஜெர்மன் தூதர் கெட்டலருக்காக, சீன அரசைக் கட்டாயப்படுத்தி, அவர் விழுந்த தெருவில் 1903இல் எழுப்பப்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, வேறு வாசகத்துடன் 1919இல் மத்தியப் பூங்காவில் வைக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ‘அமைதியைக் காப்போம்’ என வாசகம் மறுபடி மாறியது. தெரு நடுவில் நின்றால் ஒரு காலம், மரங்களிடையே நின்றால் மற்றொரு காலம். வளைவு இன்றும் பூங்காவில் உள்ளது.

கிழக்கு மதிலின் மேலிருந்த வானாய்வகமும் அவ்வாறே. பாதிரியார் வெர்பீஸ்ட் 1670களில் வார்த்த வெண்கலக் கருவிகளில் ஒரு பங்கை 1901இல் ஜெர்மானியர் போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோயினர். வெர்சாய் உடன்படிக்கைப்படி 1921இல் அவை திரும்பின. கருவிகள் குறைந்த மேடையைக் காட்டும் படங்கள் இடைப்பட்ட இருபதாண்டுகளுக்கு உரியவை.

இடிப்பு

1949க்குப் பிறகு கட்டடக்கலை அறிஞர் லியாங் சிச்செங், நகரமைப்பாளர் சென் ஜான்சியாங்குடன் சேர்ந்து, அரசு அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே புதிதாக அமைக்கலாம் என 1950இல் திட்டம் கொடுத்தார். மதில் மேல் மக்கள் உலாவும் பூங்கா அமைக்கலாம் என்பதும் அவர் யோசனை. சோவியத் வல்லுநர்கள் பழைய நகரையே மையமாகக் கொள்ளச் சொன்னார்கள். அரசு அதையே ஏற்றது. பின்வந்த இழப்புகள் அம்முடிவின் விளைவே.

அரச நகரின் தெற்கு வாயிலான தியானன்மென் முன்னிருந்த சாங்கான் வாயில்கள் இரண்டும் 1952இல் அகற்றப்பட்டன. 1950களின் நடுவில் சிங்ஷோ கோயிலின் இரட்டைக் கோபுரங்களும் தோங்சி, சீசி நாற்சந்திகளின் மரத் தோரணங்களும் போயின. 1957இல் வெளிநகரின் தெற்கு நடுவாயிலான யோங்திங்மென் இடிக்கப்பட்டது. 1965 ஜூலையில் தொடங்கிய சுரங்க ரயில் பணி மதில் நின்ற தடத்தையே எடுத்துக்கொண்டது. 1969இல் சீஜிமென்னை இடிக்கும்போது அதன் உள்ளே, 1358இல் கட்டப்பட்ட யுவான் காலத்து ஹெயிமென் வாயில் புதைந்திருப்பது தெரிந்தது. அதைப் படமெடுத்துவிட்டு அதையும் இடித்தார்கள்.

எஞ்சியவை

உள்நகரின் ஒன்பது வாயில்களில் ஜெங்யாங்மென்னின் இரண்டு மாடங்களும் தேஷெங்மென் அம்பு மாடமும் மட்டுமே நிற்கின்றன. தேஷெங்மென்னை இடிக்க 1979இல் முடிவானபோது நகரமைப்பாளர் ஜெங் சியாவோசியே மூத்த தலைவர் சென் யுன்னுக்குக் கடிதம் எழுதித் தடுத்தார். தென்கிழக்கு மூலை மாடமும் அதை ஒட்டி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு மதிலும் பூங்காவாகப் பேணப்படுகின்றன. மற்ற வாயில்கள் இரண்டாம் சுரங்க ரயில் தடத்தின் நிலையப் பெயர்களாக இருக்கின்றன.

எஞ்சியவை எல்லாம் பழையவை அல்ல. தியானன்மென் 1969 டிசம்பரில் மூடுதிரைக்குள் முற்றிலும் பிரிக்கப்பட்டு 1970இல் மீண்டும் கட்டப்பட்டது. உயரமும் சற்றுக் கூடியது. பழைய படங்களோடு ஒப்பிட்டாலொழிய வேறுபாடு கண்ணில் படாது. யோங்திங்மென் 2004இல் பழைய படங்களையும் வரைபடங்களையும் கொண்டு மறுபடி எழுப்பப்பட்டது. மாறாக, நேபாளக் கலைஞர் அரனிகோ 1270களில் கட்டிய வெண்தூபியும், புத்தகயையின் கோயிலை மாதிரியாகக் கொண்டு 1473இல் எழுந்த ஐங்கோபுரக் கோயிலும் படங்களில் உள்ளபடியே இருக்கின்றன.

இன்றைய நிலை

ஹூடோங்குகளில் பெரும்பகுதி 1990களுக்குப் பின் இடிக்கப்பட்டது. சில பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டுள்ளன. சியென்மென் கடைத்தெரு 2008இல் பழைய படங்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டப்பட்டது. யோங்திங்மென் முதல் முரசு, மணி மாடங்கள் வரையான 7.8 கிலோமீட்டர் நடுக்கோடு 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.