1999 சென்னை டெஸ்ட் போட்டி (இந்தியா – பாக்கித்தான்)

1999 சென்னை டெஸ்ட் போட்டி என்பது 1999 சனவரி 28 முதல் 31 வரை சென்னை சேப்பாக்கம் மு. அ. சிதம்பரம் அரங்கத்தில் இந்தியா, பாக்கித்தான் அணிகளுக்கிடையே நடைபெற்ற துடுப்பாட்டப் (கிரிக்கெட்) போட்டியாகும். இதில் பாக்கித்தான் 12 ஓட்டங்களால் வெற்றி பெற்றது. சச்சின் டெண்டுல்கர் நான்காவது இன்னிங்சில் எடுத்த 136 ஓட்டங்களுக்காகவும், தோல்விக்குப் பின்னர் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியதற்காகவும் இப்போட்டி இன்றும் நினைவுகூரப்படுகிறது.

பின்னணி

1987க்குப் பிறகு பாக்கித்தான் அணி இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் போட்டி இதுவே. இரு நாடுகளும் 1998 மே மாதத்தில் அடுத்தடுத்து அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியிருந்தன. இச்சுற்றுப்பயணத்தை எதிர்த்து சிவசேனையினர் 1999 சனவரியில் தில்லி பெரோசா கோட்லா அரங்கின் ஆடுகளத்தைத் தோண்டிச் சேதப்படுத்தினர்; மும்பையில் இந்தியக் கிரிக்கெட் வாரிய அலுவலகமும் சூறையாடப்பட்டது. இதனால் தில்லியில் நடக்கவிருந்த முதல் போட்டி சென்னைக்கு மாற்றப்பட்டது. தில்லி இரண்டாவது போட்டியை நடத்தியது. ஆகவே சேப்பாக்கத்தில் கூடிய கூட்டம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்னரே பெரிய கேள்வியாக இருந்தது.

முதல் மூன்று நாட்கள்

வசீம் அக்ரம் தலைமையிலான பாக்கித்தான் முதல் இன்னிங்சில் 238 ஓட்டங்கள் எடுத்தது. அனில் கும்ப்ளே 70 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அசாருதீன் தலைமையிலான இந்தியா 254 ஓட்டங்கள் எடுத்து 16 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. திராவிடும் கங்குலியும் அரைச்சதம் அடித்தனர். சென்னையைச் சேர்ந்த தொடக்க ஆட்டக்காரர் சடகோபன் ரமேசு தமது முதல் டெஸ்டில் 43 ஓட்டங்கள் எடுத்தார். டெண்டுல்கரோ மூன்றே பந்துகளில் ஓட்டமெதுவும் எடுக்காமல் சக்லைன் முசுதாக்கிடம் ஆட்டமிழந்தார்.

இரண்டாவது இன்னிங்சில் சாகித் அப்ரிடி 141 ஓட்டங்கள் குவித்தார். இது அவரது முதல் டெஸ்ட் சதம். 4 விக்கெட் இழப்புக்கு 275 என்ற வலுவான நிலையிலிருந்த பாக்கித்தான், வெங்கடேசு பிரசாத்தின் பந்துவீச்சில் சரிந்து 286 ஓட்டங்களுக்குள் அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. பிரசாத் 33 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை எடுத்தார்; அவற்றுள் ஐந்தை ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீழ்த்தினார். டெண்டுல்கரின் ஆட்டம் பேசப்படும் அளவுக்கு இந்தப் பந்துவீச்சு பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

நான்காம் நாள்

வெற்றி இலக்கு 271. வக்கார் யூனிசு இரு தொடக்க ஆட்டக்காரர்களையும் விரைவில் வெளியேற்ற, இந்தியா 6 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்தது. நான்காம் நாள் காலையில் திராவிட், அசாருதீன், கங்குலி மூவரும் அடுத்தடுத்து வீழ்ந்தனர். 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் போன நிலையில் ஆட்டம் முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

அதன்பின் டெண்டுல்கரும் விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவும் ஆறாவது விக்கெட்டுக்கு 136 ஓட்டங்கள் சேர்த்தனர். தேய்ந்த ஆடுகளத்தில் சக்லைன் வீசிய தூசுரா வகைப் பந்து அன்றைய மட்டையாளர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது. வலக்கை ஆட்டக்காரருக்கு, வழக்கமான சுழல் பந்து வெளியிலிருந்து உள்ளே திரும்பும். தூசுரா ஏறத்தாழ அதே கையசைவில் வீசப்பட்டு எதிர்த்திசையில் வெளியே செல்லும். டெண்டுல்கர் முதலில் பொறுமையாகத் தடுத்தாடி, பின்னர் மெல்ல மெல்ல ஓட்ட வேகத்தைக் கூட்டினார். கடுமையான முதுகுவலி அவரை வாட்டியது. மருத்துவ உதவி பெற்றுக்கொண்டே ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

மோங்கியா 52 ஓட்டங்களில் அக்ரமின் பந்தைத் தூக்கியடித்து ஆட்டமிழந்தார். அப்போது இந்தியா 218. நிற்க இயலாத அளவுக்கு வலி மிகுந்திருந்த டெண்டுல்கர், விரைவாக முடித்துவிட எண்ணி எல்லைக்கோட்டு அடிகளில் இறங்கினார். இன்னும் 17 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில் சக்லைனின் பந்தை உயர்த்தி அடிக்க முயன்று அக்ரமிடம் பிடி கொடுத்தார். 273 பந்துகள், 405 நிமிடங்கள், 18 நான்குகள், 136 ஓட்டங்கள். அவருக்குப் பின் வந்தவர்களால் நான்கு ஓட்டங்களே சேர்க்க முடிந்தது. இந்தியா 258 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சக்லைன் இரு இன்னிங்சுகளிலும் ஐந்தைந்து விக்கெட்டுகளை எடுத்திருந்தார். ஆட்ட நாயகன் விருது டெண்டுல்கருக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் அதைப் பெற்றுக்கொள்ள வெளியே வரவில்லை. உடைமாற்றும் அறையில் அழுததாகப் பின்னர் தாமே கூறியுள்ளார்.

ரசிகர்களின் எதிர்வினை

டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது அரங்கம் உறைந்துபோனது. கடைசி விக்கெட் விழுந்ததும் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு கைதட்டல் தொடங்கிப் பரவி, அரங்கமே எழுந்து நின்றது. பாக்கித்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதனை ஏற்றுக்கொண்டனர். அக்ரம் உள்ளிட்டோர் பிற்காலத்தில் இந்நிகழ்வைப் பலமுறை நெகிழ்ச்சியுடன் குறிப்பிட்டுள்ளனர்.

சேப்பாக்கத்திற்கு இது முற்றிலும் புதிதன்று. 1997 மே 21 அன்று இதே அரங்கில் பாக்கித்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கெதிராக 194 ஓட்டங்கள் எடுத்து ஒருநாள் போட்டிகளில் அன்றைய உலக சாதனையைப் படைத்தபோதும் ரசிகர்கள் அவரைப் பாராட்டினர். (அன்று அவரை ஆட்டமிழக்கச் செய்தவர் டெண்டுல்கர். 2010இல் ஒருநாள் போட்டியில் 200 ஓட்டங்கள் எடுத்து அந்த எண்ணிக்கையைக் கடந்தவரும் அவரே.)

இதை மட்டும் வைத்துச் சென்னை ரசிகர்கள் இயல்பிலேயே வேறானவர்கள் என்று முடிவு கட்டுவது மிகையாகும். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது இதே அரங்கில் வீரர்களை நோக்கிக் காலணிகள் வீசப்பட்டன. சென்னை சூப்பர் கிங்சு அணியின் எஞ்சிய உள்ளூர்ப் போட்டிகள் புனேவுக்கு மாற்றப்பட்டன. 1999இல் கைதட்டிய கூட்டம், 82க்கு 5 என்ற நிலையிலிருந்து வெற்றியின் விளிம்பு வரை ஆட்டம் நகர்ந்ததை அங்கேயே அமர்ந்து முழுமையாகப் பார்த்திருந்தது. நடுவர் மீதோ எதிரணி மீதோ பெரிதாகப் பழிபோடவும் அந்தக் கடைசி நேரச் சரிவில் இடமிருக்கவில்லை.

அடுத்த மாதமே கொல்கத்தாவில் நிலைமை வேறாக இருந்தது. ஆசிய டெஸ்ட் வாகையர் போட்டியில், ஓட்டமெடுக்கையில் டெண்டுல்கர் சோயிப் அக்தருடன் மோதி ரன்-அவுட் ஆனதால் ஈடன் கார்டன் ரசிகர்கள் கொந்தளித்தனர். இறுதி நாளில் காவல்துறையினர் பார்வையாளர்களை வெளியேற்றிய பின்னரே ஆட்டம் முடிக்கப்பட்டது. பாக்கித்தான் 46 ஓட்டங்களால் வென்றது.

பிற்காலம்

தில்லியில் நடந்த இரண்டாவது போட்டியில் கும்ப்ளே ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்த, இந்தியா வென்று தொடரைச் சமன் செய்தது. அவ்வாண்டு மே மாதம் கார்கில் போர் தொடங்கியது. பாக்கித்தான் அணி மீண்டும் டெஸ்ட் தொடர் ஆட இந்தியா வர 2005 வரை ஆயிற்று.

2008 திசம்பரில், மும்பைத் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்குப் பின், சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா 387 ஓட்டங்களைத் துரத்தி வென்றது. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்தார். இம்முறை வெற்றிக்கான ஓட்டத்தை எடுத்தவரும் அவரே.