முகப்பில் நிற்கும் பெயர்கள்

அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவையும், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிற்காலத்தில் சிரமப்பட்டுப் படியெடுத்தவையுமான ஓலை ஆவணங்களை நினைக்கும்போதெல்லாம், அவற்றில் எழுதியிருக்கும் நாஞ்சில் நாட்டுச் செய்திகளைக் காட்டிலும், வேண்டிய ஓலையை வேண்டிய வேளையில் அக்காலத்தார் எவ்வாறு எடுத்தார்கள் என்னும் கேள்வியே என் மனத்தில் முந்தி எழுகிறது. துளையிட்டுக் கயிற்றில் கோத்த ஏட்டில், அச்சுப் புத்தகத்தைப்போல் விரலை இடையில் விட்டுப் புரட்டும் சௌகரியம் இல்லை. எந்தக் கட்டில் எது இருக்கிறது என்பது பெரும்பாலும் கட்டிவைத்தவரின் ஞாபகத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இன்று இணையதளம் அமைப்பவர், முகப்பின் மேற்புறத்தில் ஐந்தாறு தலைப்புகளை நிறுத்தி, அவற்றின் கீழ் உட்தலைப்புகளை மடக்கிவைத்து, வாசகர் தொட்டவுடன் விரியும்படி செய்யும் வேலையை முற்றிலும் நவீனமான வித்தையாகவே கருதுகிறார். கணினித் தமிழர் சிலர் இந்தத் தலைப்பு வரிசைக்குப் ‘பட்டி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அட்டவணை என்னும் பொருளில் சொல் பழையதுதான், ஆனால் நாயைப் பட்டி என்றழைக்கும் குமரி மாவட்டத்தாரிடம் போய், முகப்பிலேயே ஒரு பட்டி இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் ஒரு அடி பின்வாங்குவார்கள் என்பதையும் பெயரிட்டவர்கள் யோசித்திருக்கலாம்.

சொல்லுக்குச் சரித்திரம் இருப்பதுபோலவே அந்த வேலைக்கும் இருக்கிறது. திவாகர நிகண்டு, உலகத்திலுள்ள பொருள்களின் பெயர்களையெல்லாம் பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுத்து, தெய்வத்தில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம் என்று படிப்படியாக இறங்கிவருகிறது. இது ஒரு தத்துவ வரிசை. எதற்கு எது மேல் என்பதில் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் அபிப்பிராய பேதம் இல்லாத காலத்தின் வரிசை. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியோ, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும்போது, சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்குகிறது. முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தைப் பிடித்துத் தேடுவது இக்காலத்தாருக்கு விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் அந்நூல் தேடுவதற்காகச் செய்யப்பட்டதன்று, திண்ணையில் அமர்ந்து மனனம் செய்வதற்காகச் செய்யப்பட்டது. நெஞ்சில் நிறைந்திருக்கும் நூலுக்கு முகப்பு எதற்கு?

நூலை மனனம் செய்யாத ஒருவரும் அதனுள் புகுந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளிவரலாம் என்னும் எண்ணம், 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து ‘அகராதி நிகண்டு’ இயற்றியபோது தமிழில் உருக்கொண்டது. இத்தாலியில் பிறந்து, வயது வந்தபின் தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தபோது, அன்னியராக வந்து நுழைபவரின் அவஸ்தையைத் தாமே அனுபவித்திருந்தபடியால், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களை முதலில் திறந்துவைத்து, ஒவ்வொன்றின் உள்ளும் அகர வரிசையைப் பின்பற்றினார். மேலே வகை, கீழே எழுத்து வரிசை என்னும் இந்த இரண்டடுக்கு அமைப்பையே இன்றைய இணையதளங்கள் பலவற்றிலும் காண்கிறோம்.

தலைப்பை எங்கே நிறுத்துவது என்பதைவிட, அதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பதே கடினமான காரியம் என்று நான் கருதுகிறேன். இதில் நாஞ்சில் நாட்டார் தூரதேசம் போய் வழிகாட்டி தேட வேண்டியதில்லை. கவிமணி, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில், புராணங்களின் சம்பிரதாயத்தைப் பரிகாசமாகக் கையாண்டு, ‘மாமி அரசியற் படலம்’ என்றும் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்றும் பெயரிட்டார். மாமனின் சொத்து மருமகனுக்குப் போகும் முறையால் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறி அழிந்த கதை முழுவதும் அந்த இரண்டாம் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ‘சேவைகள்’, ‘தகவல்கள்’ என்று முகப்பில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் கவிமணியும் ‘மலரும் மாலையும்’ நூலில், எந்த வகையிலும் அடங்காத பாடல்களுக்குப் ‘பல்சுவை’ என்று ஒரு பகுதி வைக்கவே நேர்ந்தது. ‘பிற’ என்ற தலைப்பு இல்லாத முகப்பை நான் இன்னும் காணவில்லை.

தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறத் தொடங்கிய காலத்தில், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று ஆரம்பமான மதுரைத் திட்டம், நூல்களை வரிசை எண்ணிட்டு அடுக்கியது. காலமும் வகையும் கலந்து நின்ற அந்த எண்வரிசை போதாமல், ஆசிரியர் பெயர் வழியாகவும் நூற்பெயர் வழியாகவும் பட்டியல்கள் தேவைப்பட்டன. அகர வரிசையிலோ வேறொரு இடையூறு இருந்தது. யூனிகோடு குறியீட்டில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் இயந்திரம், மரத்துக்கு முன்னே மன்றத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். தமிழ் முறையை அதற்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியிருந்தது.

கற்பித்த பின்னும், ஊர்கள் அமைந்திருக்கும் முறையை அகர வரிசை அறியாது என்னும் சங்கடம் தீரவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தாய்த்தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டமான நான்கு தாலுகாக்களையும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்து மேற்கு நோக்கி நடப்பவன் காணும் முறையிலேயே, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அண்மையில் கல்குளத்திலிருந்து திருவட்டாறும், விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்து ஆறாயின. இவ்வாறையும் தமிழ் அகர வரிசையில் எழுதினாலும் ஆங்கில அகர வரிசையில் எழுதினாலும், விநோதமாக, ஒரே வரிசைதான் கிடைக்கிறது: அகஸ்தீஸ்வரம் முதலில் வருகிறது, வாசலில் இருக்கும் தோவாளை ஐந்தாவதாகிறது, கிள்ளியூர் தன் தாய்த் தாலுகாவை விட்டுக் கல்குளத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது.