தட்டைப் பரப்பின் வரலாறும் மில்லிங் வைஸும்

சிறிய நீராவி இயந்திர மாதிரிகளைச் செய்து பழகும் தம் மகனுக்கு மில்லிங் வைஸ் வாங்க வேண்டும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எனப் பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தார். விலையைப் பேசுமுன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். ஓர் இரும்புப் பரப்பு தட்டையானதுதான் என்று எதைக் கொண்டு அறிவது? வைஸின் தரம் இப்பழைய வினாவில்தான் தொடங்குகிறது.

இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே (1771–1831) தம் பட்டறையில் தொழிலாளர்களின் மேசையருகே தட்டைப் பலகைகளை வைத்திருந்தார். செய்த வேலையை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கு வழக்கம். 1825-இல் அப்பட்டறையில் சேர்ந்த ஜோசப் விட்வொர்த், 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் கழகத்தின் முன் உலோகத் தட்டைப் பரப்புகள் பற்றிய கட்டுரையை வாசித்தார்.

முறை மிக எளியது. ஆயினும் வியப்பானது! இரண்டு பலகைகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்தாலும் அவை நன்றாகவே பொருந்திவிடும். மூன்றாவது பலகையைச் சேர்த்து, எந்த இரண்டை எடுத்தாலும், எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்துமாறு செய்தால் குழிவுக்கும் புடைப்புக்கும் இடமே இல்லை. எண்ணெயிற் குழைத்த சாயத்தைப் பூசித் தொட்டுப் பார்த்து, சாயம் பட்ட மேட்டை மட்டும் கையால் சுரண்டுவார்கள். முன்பு தேய்ப்புப்பொடி போட்டு உரசினார்கள். பொடி எங்கே தேய்க்கிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இராது என்பதால் விட்வொர்த் அதனை ஏற்கவில்லை.

1862-இல் அமெரிக்கர் ஜோசப் பிரவுன் பல்பயன் மில்லிங் இயந்திரத்தை உருவாக்கினார். இங்கிலாந்தில் 1898-இல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' இதழைத் தொடங்கினார். வீட்டில் மில்லிங் இயந்திரம் வைக்க வசதியற்ற பலர் லேத்தின் மேல் செங்குத்துச் சறுக்கியைப் பூட்டி, அதில் ஒரு சிறு வைஸை வைத்தே வேலையை முடித்தனர்.

இனி வைஸுக்கு வருவோம். அளவெடுக்க நாம் நம்புவது நிலைத்தாடையையும் படுகையையும்தான். நிலைத்தாடை படுகைக்குச் செங்குத்தாகவும், படுகை அடிப்பாகத்திற்கு இணையாகவும் இருத்தல் வேண்டும். தொல்லை தருவது நகரும் தாடை. திருகு கீழே தள்ளுகிறது. பொருளோ மேலே நின்று எதிர்க்கிறது. ஆகவே தாடை சாய்ந்து தூக்கிக்கொள்கிறது, பொருளும் உடன் எழும்பிவிடுகிறது. இறுக்கும்போதே தாடையைச் சாய்வாகக் கீழ்நோக்கி இழுக்கும் அமைப்புள்ள வைஸே என் தேர்வு. அகலமான தாடையைக் காட்டி விற்பவரிடம் மயங்க வேண்டாம்.

கடையிலேயே சோதிக்கலாம். பொருளின் கீழ் இரண்டு இணைப்பட்டைகளை வைத்து இறுக்கி, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு பட்டைகளை விரலால் அசைத்துப் பாருங்கள்; அசைந்தால் பொருள் தூக்கிக்கொண்டது என்று பொருள். வீட்டில் டயல் காட்டியை நிலைத்தாடையின் மேல் ஓட்டிப் பார்க்கலாம். மாதிரி வேலைக்கு 0.02 மி.மீ.க்குள் நின்றால் போதும். துளையிடும் இயந்திரத்திற்கான மலிவு வைஸை மட்டும் இதற்கென வாங்கிவிடாதீர்கள், அதன் தாடை ஆடும்.