நிலத்தின் வகைமாற்றமும் நம் குடியிருப்பு உரிமையும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் நிலத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என இளைஞர் சிலர் வினவக்கூடும். கல்வி பெற்ற தலைமுறை ஒன்று இன்று நம்மிடையே எழுந்துள்ளது. அத்தலைமுறை குடியிருக்க மனை வேண்டும். அம்மனை எங்கே அமையும், எவருடைய வயலின்மேல் அமையும், என்ன விலைக்கு அமையும் என்பனவற்றை முடிவு செய்யும் ஏடுகளும் வரைபடங்களும் நெடுங்காலமாகப் பிறர் கையிலேயே இருந்து வந்துள்ளன. அவற்றைப் படித்தறியும் வாய்ப்பு நம் முன்னோர்க்கு வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்திருக்கின்றது. ஆதலின் அவ்வேடுகளின் வரலாற்றை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்ப, கண்மாய்களின் ஆயக்கட்டில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்தன. திருவில்லிபுத்தூர் 1894இல் நகராட்சியாயிற்று. 1927இல் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை நிறுவப்பட்டது. 1941இல் அவ்வூரும் நகராட்சியாயிற்று. ஆலைகள் பெருகப் பெருக ஊர் விரிந்தது. விரிந்த ஊர் வயலை நோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கல் நட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்ட நன்செய்களை இன்று எவரும் காணலாம்.

இவ்வாறு வேளாண் நிலம் குடியிருப்பு நிலமாக மாறுவதைச் சட்டம் ‘நில உபயோக மாற்றம்’ என அழைக்கின்றது. சென்னை மாகாணத்தில் இதற்கு அடித்தளமிட்டது 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம். அதன் புகழ்பெற்ற விளைவு சென்னைத் தியாகராய நகர். 1920களில் மாம்பலத்தை ஒட்டியிருந்த நெடிய ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, அப்பரப்பில் புதிய குடியிருப்பு எழுப்பப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. நகரத்தார்க்கு நல்ல வீதிகளும் பூங்காவும் கிடைத்தன என்பது உண்மை. ஏரி ஒன்று மறைந்தது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளே ஒவ்வொரு நகரிலும் இன்றளவும் நடைபெறும் வாதத்தின் இரு பக்கங்கள் ஆகும்.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பெற்றது. இதன்படி உள்ளூர்த் திட்டக் குழுமம் நகருக்கு ஒரு முழுமைத் திட்டம் வகுக்கின்றது. எந்தச் சர்வே எண் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிலுக்கு, எது வேளாண்மைக்கு என வரைபடத்தில் வண்ணம் தீட்டப்படுகின்றது. வண்ணம் மாறினால் நிலத்தின் விலையும் மாறும். அதே மண், அதே வரப்பு. ஆயினும் விலை பன்மடங்காகின்றது. அவ்வுயர்வை எவரும் உழுது விளைவிக்கவில்லை. ஓர் அரசாணை விளைவித்தது. எனவே அதன் பயன் எவரைச் சேர்கின்றது என வினவும் உரிமை பொதுமக்கள் யாவர்க்கும் உண்டு.

பொது வாதத்தில் நாம் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் இரண்டே. வீடற்றோர்க்கு வீடு வேண்டும், ஊர் வளரல் வேண்டும் என்பது ஒரு குரல். கண்மாயும் நன்செயும் அழிந்தால் உணவும் நீரும் எங்கே என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டிலும் பெரிதும் பேசுவோர் நிலமுடையவரும் நிலம் வாங்கவல்லவருமே. அவ்வயலில் நாற்று நட்ட பெண்ணும், களை பறித்த முதியவளும், மடை திறந்த மனிதனும் இவ்வாதத்தில் எங்கே நிற்கின்றனர்? அரசு நிலத்தைக் கையகப்படுத்துமானால், அந்நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த உழைப்பாளர் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் ஏற்கின்றது. ஆனால் உடைமையாளர் தாமே மனைகளாகப் பிரித்து விற்கும்போது அத்தகைய பாதுகாப்பு எதுவுமில்லை. உடைமையாளர்க்கு விலை, உழைத்தவர்க்கு வேலையிழப்பு. நம் மக்களுள் பெரும்பாலோர் நிலமற்றோராக ஆனது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி இந்நிலையின் கொடுமை விளங்காது.

1891இல் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் குடிசையின் மண்ணும் சொந்தமில்லாமையே அடிமைத்தனத்தின் வேர் என அவ்வறிக்கை உணர்த்தியது. அதன் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு நிலம் ஒப்படைக்க அரசு முன்வந்தது. இவையே ‘பஞ்சமி நிலம்’ எனப் பெயர் பெற்றன. மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. முதற் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள்.

நிபந்தனை ஏட்டில் நின்றது; நிலம் நிற்கவில்லை. கடனுக்கு ஈடாகவும், மிரட்டலாலும், கைந்நாட்டின் பேராலும் அது கைமாறிற்று. 1979 தொடங்கி 1980களில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பழைய பதிவேட்டில் ஒடுக்கப்பட்டோர் நிலம் எனக் குறிக்கப்பட்டிருந்த எண்கள் பல பிறர் பெயரில் பட்டாவாக மாறின என்ற முறையீடு மாநிலமெங்கும் எழுந்தது. கருநாடக மாநிலம் 1978இல் இத்தகைய கைமாற்றங்களைச் செல்லாதனவாக்கத் தனிச்சட்டம் இயற்றியது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுமென உறுதி செய்தது. நம் மாநிலத்திலோ ஒப்படைப்பு நிபந்தனைகளையும் வருவாய் நிலையாணைகளையுமே நாம் நம்பியிருந்தோம்.

சென்னையின் புறநகர் தெற்கு நோக்கி விரிந்த காலத்தில், செங்கற்பட்டுப் பகுதியின் காரணை என்னும் சிற்றூரில் பஞ்சமி நில மீட்புக் கிளர்ச்சி எழுந்தது. நிலத்தில் நிறுவிய அண்ணல் அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் மக்கள் திரண்டனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நிலத்தின் விலை ஏறும்போதுதான் பழைய உரிமையின் வினா உயிர் பெறுகின்றது. வினவுவோர் தம் உயிரையும் இழக்க நேர்கின்றது. இளைஞர்கள் அவ்விருவர் பெயரையும் மறத்தலாகாது.

இனி வீட்டுமனையின் வரலாற்றைக் காண்போம். 1920 அளவில் மாகாணத்தில் தொழிலாளர் துறை தொடங்கப்பெற்று, ஒடுக்கப்பட்டோர்க்கு மனை வழங்கும் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கடன் பெற்று, தவணையில் மனை வாங்கிய குடும்பங்கள் பல. எனினும் கிராமங்களில் நிலக்கிழாரின் மண்ணிலேயே குடிசை இருந்தமையால், கூலி உயர்வு கேட்டவர் மறுநாளே தெருவில் நிற்கும் நிலை நீடித்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமை யாவரும் அறிந்ததே. 1971இல் குடியிருப்பு உடைமைச் சட்டம் பிறந்து, உழவுத் தொழிலாளியின் குடிசை நின்ற மண்ணை அவர்க்கே உரிமையாக்கிற்று. 1978இல் நம் மக்களின் நலத்திட்டங்களுக்காக நிலமெடுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நம் பகுதிக் காலனிகள் பலவும் இத்தகைய அரசு முயற்சிகளால் எழுந்தவையே. அச்சட்டம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 1994இல் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைத் தவணையில் தரும் பிரிவு நீங்கலாக, ஏனையவற்றை ஏற்றது. 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டும் இடர் நேர, அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அதற்குப் புத்துயிர் அளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒரு சென்ட், இரண்டு சென்ட் மனைக்காகச் சட்டம் இத்தனை படிகள் ஏறி இறங்கியிருக்கின்றது.

பிற நாடுகளிலும் இவ்வாறே. அமெரிக்காவின் லூயிவில் நகரம் 1914இல் கறுப்பர் இன்ன தெருவில் வாழலாகாது எனச் சட்டம் செய்தது. 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. அதன்பின் நிறத்தின் பெயரைச் சொல்லாமலே, பெரிய மனைகளுக்கு மட்டும் அனுமதி என்னும் விதியால் ஏழைகளை விலக்கும் வழக்கம் பெருகியது. நியூசெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல் என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பினத்தவர், 36 எளிய வீடுகள் கட்ட நிலத்தை வகைமாற்றம் செய்யுமாறு 1970 அளவில் வேண்டினர், ஊராட்சி மறுத்தது. எதெல் லாரன்ஸ் என்னும் அம்மையார் முன்னின்று வழக்காடினார். ஏழைகளும் வாழத்தக்கவாறு ஒவ்வோர் ஊரும் நிலத்தை வகைப்படுத்தல் வேண்டும் என 1975இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயரால் வீடுகள் திறக்கப்பட்டது 2000இல். அப்போது அம்மையார் உயிரோடு இல்லை. வகைமாற்றம் என்பது வெறும் வண்ணமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் மாநிலத்தின் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். வேளாண் நிலங்கள் அனுமதியின்றி மனைகளாக விற்கப்படுவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2016 செப்டம்பர் 9 அன்று அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தியவர்க்கு வழி பிறந்தது. தடையின் நோக்கம் நன்று. ஆனால் அனுமதி பெற்ற மனையின் விலை எட்டாமையால், சிறுகச் சிறுகச் சேர்த்து அனுமதியற்ற மனையை வாங்கியவர்கள் ஆலைத் தொழிலாளரும் கொத்தனாரும் துப்புரவுப் பணியாளருமே. பிரித்து விற்றவர் பணத்துடன் விலகினார். வாங்கியவர் தலையில் கட்டணம் விழுந்தது. ஆகவே பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் கட்டாயமாகும்.

நாம் வகைமாற்றத்தை முற்றிலும் எதிர்ப்பவர் அல்லோம். நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். சேரியின் பழைய எல்லைக்குள்ளேயே தலைமுறைகள் நெருங்கி வாழ முடியாது. 1947இல் அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பு அவைக்காக வரைந்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் அறிக்கையில், தரிசு நிலங்களைக் கொண்டு ஒடுக்கப்பட்டோர்க்குப் புதிய குடியேற்றங்கள் அமைக்க ஓர் ஆணையம் வேண்டுமென்றார். நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைச் சந்தையின் விருப்பத்திற்கு விடாமல், அரசின் கடமையாக அவர் கண்டார். நாம் கேட்பதும் அதுவே. கண்மாய்ப் பரப்பும் வரத்துக் கால்வாயும் தொடப்படலாகாது. பஞ்சமி நிலம் எனப் பழைய பதிவேடு கூறும் எண் எதுவும் விசாரணையின்றி வண்ணம் மாறலாகாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் நலிந்தோர்க்கெனப் பத்து விழுக்காடு ஒதுக்குமாறு கூறும் விதி ஏட்டளவில் நில்லாது, உரியவர் கைக்கு வந்து சேர வேண்டும்.

இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டோ என ஐயுற வேண்டுவதில்லை. முழுமைத் திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழிலும் நாளேடுகளிலும் வெளிவந்தபின், ஆட்சேபனை தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் தரப்பட வேண்டும் என்கின்றது 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்சேபனை தரத்தக்கவர் ‘எவரும்’ என்பதே அதன் சொல். பட்டாதாரர் என்று அது கூறவில்லை. நிலமற்றவனுக்கும் அச்சொல்லுக்குள் இடமுண்டு. நூறாண்டுக்கு மேலாக நம்மை ஊர்ப் பேச்சிலிருந்து விலக்கி வைத்தவர்கள் இச்சொல்லை நமக்கு எடுத்துக்காட்டப் போவதில்லை. நாமே படித்தறிதல் வேண்டும்.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டதாரி இளைஞர் நால்வர் சேர்ந்து, தத்தம் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நில வரித்திட்டப் பதிவேட்டையும் விண்ணப்பித்துப் பெற்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி நம் கழகத்தின் நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த திட்ட அறிவிப்பு வெளியாகும் நாளில் அக்குறிப்பேடு நம் கையில் இருக்குமானால், இரண்டு மாதக் காலம் நமக்குப் போதும்.