தாய்மாரும் கிருமிகளும்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம்மவர் நெடுங்காலமாய்ச் சொல்லிவரும் மொழி. பிள்ளை பெற்ற சில நாளில் ஜன்னி கண்டு மாண்ட தாய்மார் கணக்கற்றோர். அச்சாவை விதியென்றும் தெய்வக் குற்றமென்றும் சொல்லி உலகம் அமைதி கொண்டது. உண்மைக் காரணம் யாது?

வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் 1847ஆம் ஆண்டில் அதனைக் கண்டார். பிணம் அறுத்த கையோடு வைத்தியரும் மாணவரும் பிரசவம் பார்க்க வந்தனர். குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென அவர் விதித்தார். 1846ல் அப்பிரிவில் 100க்கு 11 தாய்மார் இறந்தனர். 1848ல் இறந்தோர் 100க்கு ஏறக்குறைய ஒருவரே. விதியும் கைகழுவலுக்கு அஞ்சிற்றுப் போலும்!

1936ல் லண்டன் குயின் சார்லட்ஸ் ஆஸ்பத்திரியில் கோல்புரூக் என்பார் பிரசவ ஜன்னி கண்ட 64 பேருக்குப் பிரான்டோசில் மருந்தளித்தார், மூவரே மாண்டனர். பின்னர்ப் பென்சிலின் வந்தது. அதனைக் கண்ட பிளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைய மருந்துண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுமென எச்சரித்தார்.

எபிங்காம் ரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. அங்குக் கன்னிகாஸ்திரீகள் 1954ல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே பின்னர் அசுந்தா ஆஸ்பத்திரியாயிற்று. மருத்துவச்சி கையில் நடந்த பிரசவம் மெல்ல ஆஸ்பத்திரிக்கு மாறிற்று. புதிய மருந்துகளும் எளிதிற் கிடைத்தன.

பிளெமிங்கின் எச்சரிக்கையோ பலித்துவிட்டது. கடைசி ஆயுதமெனக் கருதப்பட்ட கார்பபெனம் மருந்துகளையும் வெல்லும் கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருத்தலை, சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உள்ளிட்டோர் 2010ல் வெளியிட்டனர். மலேசிய அரசாங்கமும் இவ்வாபத்தைத் தடுக்க 2017ல் நாட்டுத் திட்டம் வகுத்தது.

கர்ப்பிணிகளுக்கு இதில் தனி ஆபத்துண்டு. கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப்பாதை தளர்ந்து நீர் தேங்குமாதலின், கிருமிகள் நோவு காட்டாமலே குடிபுகக்கூடும். கவனியாதுவிடின் அவை சிறுநீரகத்தை எட்டும். குறைமாதப் பிரசவத்துக்கும் ஏதுவாகும். நீர்த்தொட்டிச் சுவரில் பாசி படிவதுபோல அவை வழுவழுப்பான படலமாய்ப் படிந்து, மருந்துக்கு எளிதில் மசியாமல் ஒளிந்திருப்பதும் உண்டு. சிசுவுக்குத் தீங்கின்றித் தாய்க்குக் கொடுக்கத்தக்க மருந்துகளோ சிலவே. டெட்ராசைக்கிளின் குழந்தையின் பல்லைக் கறைப்படுத்துமென விலக்கப்பட்டது. எஞ்சியவையும் பயனிழந்தால் அவளுக்குப் புகலிடம் ஏது?

ஆகவே, காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்குக் கொடுப்பது தருமமாகாது. அவளது சிறுநீரைச் சோதிக்கச் செய்வோம். வைத்தியர் குறித்த மருந்தை, குறித்த நாள்வரை உண்ணச் செய்வோம். இம்மருந்துகள் பிறவாத காலத்திலேயே தாய்மாரைக் காத்த கைகழுவல் இன்றும் நம் வசமிருக்கின்றது. அதற்கு வேண்டுவது நீரும் சோப்பும் சிறிது கவனமுமே.