நிழல் பார்த்து அறிந்த வக்து

அஸர் எத்தனை மணிக்கு என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், கைப்பேசியைப் பார்த்து நிமிடம் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். அஸர் வக்து நுழைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன என்று கேட்டாலோ, பெரியவர்களாகிய நாமே சற்றுத் தடுமாறுகிறோம். வக்து நுழைந்ததை அறிந்திருப்பது தொழுகை நிறைவேறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று என்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம்தான்.

மிஃராஜின்போது ஐவேளைத் தொழுகை கடமையாக்கப்பட்டது. அதன் பின்னர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் கஅபாவின் அருகே இரண்டு நாட்கள் இமாமாக நின்று நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுவித்தார்கள். முதல் நாள் லுஹர், நிழல் செருப்பு வாரின் அளவுக்குச் சாய்ந்திருந்தபோது; அஸர், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டியபோது. மறுநாள் அதே அஸரை நிழல் இரு மடங்கானபோது தொழுவித்தார்கள். மஃரிபை மட்டும் இரு நாளும் நோன்பாளி நோன்பு திறக்கும் வேளையிலேயே தொழுவித்து, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நேரம் என்று அறிவித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது.

இதில் கருவி எதுவும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும் பாலைவனப் பயணியும் எவரையும் கேட்காமல் தம் நிழலைக் கொண்டே அறியக்கூடியதாக அல்லாஹ் இக்கடமையின் நேரத்தை வைத்தான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அஸர் பாங்கு முன்னதாகவும், ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த உள்நாட்டு ஊர்களில் பின்னதாகவும் ஒலிப்பதன் காரணமும் இந்த நிழல்தான். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு மடங்கு; இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி இரு மடங்கு. மாற்று ஊரில் சம்பந்தம் செய்த குடும்பங்கள் இதை நன்கு அறியும்!

மதீனாவில் ஸுப்ஹுக்கு பாங்கு சொல்லி வந்தவர்களில் ஒருவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவர்கள் பார்வையற்றவர். விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்லக் கேட்ட பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள். பாங்கு சொன்ன குரல் ஒருவருடையது. விடியலைப் பார்த்துச் சொன்ன கண்களோ மக்களுடையவை. ஒரு சமுதாயமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பின்னர் நகரங்கள் பெருகின, கணிதம் வந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி பக்தாத் நகருக்கான தொழுகை நேர அட்டவணைகளைக் கணித்தார். நிழல்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அல்பிரூனி. நேரம் காட்டும் கருவி ஒன்றில் ரோமர்களின் மாதப் பெயர்கள் இருந்ததால் மார்க்கப் பேணுதல் மிக்க ஒருவர் அதை ஏற்க மறுத்த செய்தியை அவர் அந்நூலில் குறிப்பிடுகிறார். ரோமர்கள் உணவும்தான் உண்கிறார்கள், அதிலும் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருக்கலாமே என்பது அல்பிரூனியின் பதில். புதிய கருவியைக் கண்டு மருளும் வழக்கம் நமக்கு நேற்று வந்ததன்று.

13ஆம் நூற்றாண்டில் மம்லூக்கியர் ஆண்ட எகிப்தில், பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே 'முவக்கித்' என்னும் பதவி தோன்றியது. திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் அப்பதவியை வகித்தவர் இப்னுஷ் ஷாத்திர். அங்கு பாங்கு சொல்வோரின் தலைவரும் அவரே. ஹிஜ்ரி 773இல், அதாவது 1371-72இல், அப்பள்ளியின் மினாராவில் வைப்பதற்காகப் பளிங்கில் பெரியதொரு நிழற்கடிகாரம் செய்தார். அதன் உடைந்த துண்டுகள் இன்றும் திமிஷ்க் அருங்காட்சியகத்தில் உள்ளன. சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பும், ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின் கோபர்நிகஸ் எழுதியதும் ஒன்றே என்பதை 1957இல்தான் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதே பள்ளியில் பணியாற்றிய அல்கலீலி, எந்த ஊரிலிருந்தும் கிப்லாவின் திசையை அறிவதற்கான அட்டவணைகளைத் தந்தார்.

இன்று நம் கைப்பேசிச் செயலிகள் செய்வதும் இதே வேலைதான். ஆகவே செயலியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இப்னுஷ் ஷாத்திர் வானத்தைப் பார்த்துக் கணித்தார். நாமோ கணக்கை வைத்துக்கொண்டு வானத்தை மறந்துவிட்டோம். ஊர் மாறியும் செயலியில் ஊரை மாற்றாமல், மஃரிப் வக்து நுழையுமுன்பே தொழுது முடித்து, பிறகு பாங்கு கேட்டுத் திடுக்கிட்டு மீண்டும் தொழுதவர்கள் நம்மிடையே உண்டு. மேற்கே ஒரு முறை பார்த்திருந்தால் போதும், சூரியன் நின்றுகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இராது. அந்நாளில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று ஒரு முழக் குச்சியை நட்டுவைப்போம். நிழல் கிழக்கே எட்டிப் பார்க்கத் தொடங்கினால் லுஹர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துச் சென்று பார்த்தால் நிழலும் ஒரு முழம் இருக்கும்.